ஏழு நிமிடக் கடிதம்

"பேராசிரியர் ஒருவரிடம் நூல் ஒன்றை இரவல் வாங்கினீர்கள். அது மழையில் நனைந்து கெட்டுவிட்டது. அவருக்கு மின்னஞ்சல் எழுதுக. நடந்ததைக் கூறுக; வருத்தம் தெரிவிக்க; இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைச் சொல்க. நேரம் ஏழு நிமிடம்."

எங்கள் ஆங்கில விரிவுரையாளர் கரும்பலகையில் இதை எழுதிவிட்டுத் திரும்பியபோது என் உள்ளங்கை வியர்த்திருந்தது. வினா கடினமானது என்பதால் அன்று. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரையை எழுதவே துணிந்தேன்.

சனிக்கிழமை பிற்பகல்களில் ஆங்கிலத் துறையின் கடைசி அறையில் நாங்கள் நால்வர் கூடுவது நண்பர்கள் பலருக்குத் தெரியும். 'டோஃபல் கோஷ்டி' என்று எங்களுக்குப் பெயரும் சூட்டியாயிற்று. அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சேர விரும்புவோரின் ஆங்கிலத்தைச் சோதிக்கும் தேர்வு அது. 1964ஆம் ஆண்டிலிருந்து நடந்து வருகிறது. 2026 ஜனவரியில் அதைப் பெரிதும் மாற்றி அமைத்தார்கள். எழுத்துப் பகுதியில் இப்போது மூன்று வேலைகள்: கலைந்து கிடக்கும் சொற்களை அடுக்கி வாக்கியமாக்குவது, ஏழு நிமிடத்தில் ஒரு மின்னஞ்சல், வகுப்பு விவாதத்தில் கலந்துகொள்வதுபோலப் பத்து நிமிடத்தில் ஒரு கருத்துரை. மின்னஞ்சலுக்கு ஒரு சூழ்நிலையும், அதில் விடாமல் சொல்ல வேண்டிய மூன்று செய்திகளும் தருவார்கள். ஐ.இ.எல்.டி.எஸ். தேர்விலும் கடிதம் உண்டு. ஆனால் அது வேலைக்கும் குடியேற்றத்துக்கும் போகிறவர்கள் எழுதும் பொதுப் பிரிவில். அங்கே இருபது நிமிடம் தருகிறார்கள். எங்களுக்கு வாய்த்ததோ ஏழு!

தேர்வுக் கட்டணமோ எங்கள் வீட்டு ஒரு மாத மளிகைச் செலவைத் தாண்டும். புதுமைப்பெண் திட்டத்தில் எனக்கு மாதந்தோறும் வந்த ஆயிரம் ரூபாயைத் தொடாமல் வைத்திருந்ததால் கட்ட முடிந்தது. இன்னொரு முறை கட்ட இயலாது. ஆகவே பயிற்சியில் விளையாட்டுக்கு இடமில்லை.

முதல் வாரம் வந்த வினா எளியது. ஒரு கட்டுரையை ஒப்படைக்க இரண்டு நாள் தவணை கேட்க வேண்டும். நான் எழுதியதை இங்கே ஒளிக்காமல் தருகிறேன். 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி, 'வித் டியூ ரெஸ்பெக்ட் ஐ பெக் டு ஸ்டேட்' என்று பணிந்து, அவருடைய பெருந்தன்மையையும் பொறுமையையும் இரண்டு வாக்கியங்களில் போற்றி, 'கைண்ட்லி டு த நீட்ஃபுல்' என்று வேண்டி, 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' என்று கையெழுத்திட்டபோது மணி அடித்துவிட்டது. எத்தனை நாள் தவணை வேண்டும் என்பதை எழுதவே இல்லை!

விரிவுரையாளர் இரண்டு முறை படித்தார். "ஏம்மா, இது மின்னஞ்சலா, மனுவா?" என்றார்.

அவர் அறியாமல் சொன்னாலும் அது உண்மை. எனக்கு எழுதத் தெரிந்ததே மனுதான்.

பண்ணைக்காட்டில் எங்கள் தெருவுக்கு மனு எழுதுகிறவள் நான். எட்டாம் வகுப்பில் தொடங்கிய உத்தியோகம். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பள்ளியில் யாரோ சொன்னது ஊருக்குப் பரவிவிட்டது. காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் அக்காமார்களுக்கு ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க, மிளகுக் கொடி போட்ட நிலத்துக்குப் பட்டா கேட்க, தெருவிளக்குக்கு, தண்ணீர்க் குழாய்க்கு என்று எத்தனையோ எழுதியிருக்கிறேன். கூலியாகச் சில நேரம் ஒரு சீப்பு மலைவாழைப்பழம் வரும். எல்லா மனுவுக்கும் ஒரே உருவம். அனுப்புநர், பெறுநர், பொருள். பிறகு 'ஐயா, வணக்கம். நான் மேற்கண்ட முகவரியில் பல ஆண்டுகளாக வசித்து வருகிறேன்.' முடிவில் 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

என் அப்பத்தாவுக்கு இந்தத் தாழ்மை போதாது. முதியோர் உதவித்தொகைக்கு நான் எழுதிய மனுவை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இது என்ன தாயி, மொட்டையா இருக்கு? 'பாதம் பணிந்து'ன்னு போடு. இல்லாட்டி எவன் பார்ப்பான்?" என்றார். போட்டேன். ஒரு திங்கட்கிழமை விடியற்காலைப் பேருந்தில் இருவரும் மலையிறங்கி, வத்தலக்குண்டில் வண்டி மாறி, திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நின்றோம். மனுக்களை வாங்கிப் பதிவு செய்த அலுவலர் எங்கள் தாளில் ஒரே வரியைத்தான் பார்த்தார். 'பொருள்' என்ற வரியை. அதற்குக் கீழே சிவப்பு மையால் கோடிட்டு, எண் போட்டு, வேறொரு கட்டில் வைத்தார். "பாப்பா, பொருளைத் தெளிவா எழுதியிருக்கே. இதைப் பார்த்துத்தான் எந்த செக்ஷனுக்குப் போகணும்னு நாங்க முடிவு பண்ணுவோம்," என்றார். பாதம் பணிந்தது அவர் கண்ணில் படவே இல்லை. அப்பத்தா மட்டும் பேருந்தில் திரும்பும்போது, "பாத்தியா, அந்தச் சொல்லுதான் வேலை செஞ்சது," என்று மகிழ்ந்துகொண்டே வந்தார்.

இந்தக் கதையை வகுப்பில் சொன்னேன். விரிவுரையாளர் சிரிக்கவில்லை. "அந்த அலுவலர் சொன்னதுதான் இந்தத் தேர்வுக்கும். முதல் இரண்டு வரியில் நீ யார், எதற்கு எழுதுகிறாய் என்பது வந்துவிட வேண்டும். படிப்பவரின் நேரத்தை எடுத்துக்கொள்ளாததும் மரியாதைதான்," என்றார்.

சுருக்கமாக எழுதக் கற்றுக்கொள்வது அவ்வளவு கடினமாக இல்லை. பணிவுதான் பாடாய்ப் படுத்தியது. 'ஐ வான்ட்' என்று எழுதினால் முரட்டுத்தனம். 'ப்ளீஸ் கிவ்' என்றாலும் அது கட்டளைதானாம். 'ப்ளீஸ்' போட்டதால் மட்டும் வேண்டுகோள் ஆகிவிடாது. 'குட் யூ', 'உட் இட் பி பாசிபிள்' என்று கேள்வியாகக் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக 'ஐ வாஸ் வொண்டரிங்' என்று ஒன்று. இப்போது கேட்கிற ஒன்றை, முன்பு எப்போதோ மனத்தில் நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொல்வது! முதலில் இது எனக்குப் பாசாங்காகத் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் காரணம் இருக்கிறது. நமக்கு 'நீ' உண்டு, 'நீங்கள்' உண்டு, அதற்கு மேல் 'தாங்கள்' உண்டு. 'தா', 'தாருங்கள்', 'தர இயலுமா' என்று வினைச்சொல்லிலேயே மரியாதை ஏறிக்கொண்டு போகும். ஆங்கிலேயனுக்கு ஆண்டவனுக்கும் 'யூ', ஆட்டுக்குட்டிக்கும் 'யூ'. பாவம், அவன் மரியாதையை வைக்க வேறு இடமில்லாமல் காலத்தின் தலையில் கொண்டுபோய் வைத்திருக்கிறான்.

அழைப்பது எப்படி என்பது அடுத்த தலைவலி. 'டியர் புரொபசர்' என்று எழுதி, பக்கத்தில் குடும்பப் பெயரைச் சேர்க்க வேண்டும். வெள்ளைக்காரப் பேராசிரியர் என்றால் சிக்கல் இல்லை. நம் பேராசிரியர்களை வைத்துப் பழகிப் பார்த்தோம். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? முன்னெழுத்தை விரித்துப் போட்டால் அவருடைய தந்தையாரை அழைத்ததாகிவிடும்!

மூன்றாவது, காரணம் சொல்வது. வகுப்புக்கு வர இயலாமை, தேர்வைத் தவறவிட்டமை, கூட்டத்துக்குத் தாமதம் என்று சூழ்நிலைகள் மாறி மாறி வரும். ஏழு நிமிடத்தில் புதுக் காரணம் எங்கே கிடைக்கும்? எனக்கு உடனே அகப்பட்டவர் அப்பத்தாதான். ஒரு வாரத்தில் மூன்று மின்னஞ்சல்களில் அவரைச் சாகடித்தேன். விடுமுறையில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது, காப்பிப் பழத்தில் காயைப் பிரித்துக்கொண்டிருந்தவர், "என்ன தாயி எழுதியிருக்கே?" என்றார். தமிழில் சொன்னேன். "அடிப்பாவி, வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?" என்றார். அன்று முதல் என் மின்னஞ்சல்களில் மலைப்பாதையில் மரம்தான் விழுகிறது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வகுப்பில் ஒருநாள் விரிவுரையாளர் பழைய கடிதம் ஒன்றின் நகலைக் கொண்டுவந்தார். "பேராசிரியருக்குத் தமிழர் எழுதிய கடிதங்களில் இதைவிடப் புகழ்பெற்றது இல்லை," என்று சொல்லிக் கொடுத்தார். 1913 ஜனவரி 16ஆம் நாளிட்டு, சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் எழுத்தராக இருந்த இராமானுஜன், கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதியது.

இராமானுஜன் நம்மைப் போல ஓர் அரசினர் கல்லூரியில் படித்தவர் என்பதை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. 1904இல் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். அந்த உதவித்தொகை பறிபோனது எதனால் தெரியுமா? ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்றதால்! அந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டுதான் ஒன்பது ஆண்டுகள் கழித்துக் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் போகிறது. நண்பர்களும் பெரியவர்களும் உதவினார்கள் என்பது உண்மை. ஹார்டிக்கு முன்பே பேக்கர், ஹாப்சன் என்ற இரு பேராசிரியர்களை அவர் அணுகியிருந்தார். பயன் ஒன்றும் விளையவில்லை.

நகலைப் படித்த எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. என்னைக் கேலிக்கு ஆளாக்கிய அதே 'ஐ பெக்' அதன் முதல் வரியிலேயே நிற்கிறது! ஆனால் அந்த வாக்கியம் முடிவதற்குள்ளேயே அவர் எழுத்தர் என்பதும், ஆண்டுச் சம்பளம் இருபது பவுன்தான் என்பதும் வந்துவிடுகின்றன. அடுத்து வயது. அடுத்து, பல்கலைக்கழகப் படிப்பு இல்லாமல் தாமே கணிதத்தில் ஈடுபட்டு வருவது. பிறகு தேற்றங்கள், பக்கம் பக்கமாக. தாம் ஏழை என்பதை ஒளிக்காமல் சொல்லி, இவற்றில் மதிப்புள்ளது ஏதேனும் இருப்பதாகத் தங்களுக்குத் தோன்றினால் அச்சில் வர விரும்புகிறேன் என்கிறார். தொல்லை கொடுத்ததற்கு மன்னிப்பும் கேட்டு முடிக்கிறார். புகழ்ச்சிக்கு இரண்டு வாக்கியம் அவர் ஒதுக்கவில்லை.

பிப்ரவரி 8ஆம் தேதியிட்டு ஹார்டி பதில் எழுதினார். அதற்கு இராமானுஜன் பிப்ரவரி 27இல் எழுதிய இரண்டாம் கடிதம்தான் என்னை உலுக்கியது. தாம் ஏற்கெனவே அரைப்பட்டினியாக இருப்பதையும், மூளையைக் காப்பாற்றிக்கொள்ள உணவு தேவை என்பதையும் அதில் வெளிப்படையாக எழுதுகிறார். தங்களிடமிருந்து பரிவான ஒரு கடிதம் வந்தால், இங்கே பல்கலைக்கழகத்திடமோ அரசாங்கத்திடமோ உதவித்தொகை பெற அது துணைசெய்யும் என்கிறார். என்ன வேண்டும், எதற்காக வேண்டும், அதைக்கொண்டு என்ன செய்வார் என்று மூன்றும் அதில் இருக்கின்றன. அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் எழுபத்தைந்து ரூபாய் உதவித்தொகை வழங்கியது.

பசிக்கிறது என்று முன்பின் காணாத ஒருவருக்கு எழுத எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! என் நெஞ்சில் அது இல்லை என்பது எனக்குத் தெரியும். நெடுநாட்களாகத் தெரியும்.

இனி அந்த வியர்வையின் காரணம்.

2024ஆம் ஆண்டு, நான் இரண்டாமாண்டு தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் காப்பித் தோட்டத்தில் உள்ள செடிகளை எல்லாம் பட்டியலிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. காப்பியும் மிளகும் சில்வர் ஓக்கும் யாருக்கும் தெரியும்; அவற்றின் காலடியில் பெயர் தெரியாமல் முளைத்துக் கிடப்பவற்றைத்தான் சொல்கிறேன். துறையில் மூத்த பேராசிரியர் ஒருவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் மறுநாள் தம் வீட்டிலிருந்து ஒரு நூலைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். திருச்சி புனித வளனார் கல்லூரியின் இராபினாட் தாவரகத்தைச் சேர்ந்த அருட்தந்தை மேத்யூ, பழனி மலைத் தாவரங்களைப் பற்றி 1999இல் வெளியிட்ட மூன்று தொகுதிகளில் ஒன்று. தம் பணத்தில் வாங்கியது. ஓரங்களில் அவர் கையெழுத்தில் பென்சில் குறிப்புகள் நிறைந்தது.

அந்த நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை நூலை எடுத்துக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டேன். ஊத்துக்கு மேலே மரம் விழுந்து பேருந்து நின்றுவிட்டது. நல்ல மழை. ஊர்க்காரர்கள் சிலர் இறங்கி நடந்தார்கள், நானும் நடந்தேன். வீடு வந்து பையைத் திறந்தபோது நூல் ஊறிய அப்பம்போல் இருந்தது. அடுப்படியில் வைத்து உலர்த்தினோம். அட்டை கழன்றது, பக்கங்கள் ஒட்டிக்கொண்டன, பிறகு பூசணம் ஏறியது. பென்சில் குறிப்புகள் பாதிக்கு மேல் படிக்க முடியவில்லை. இதே நூல் வேறு எங்காவது கிடைக்குமா என்று தேடினேன். கண்ட கடைகளில் இல்லை. கிடைத்தாலும் அந்தக் குறிப்புகளை யார் விற்பார்கள்?

அதை விடுதிப் பெட்டியின் அடியில், பழைய போர்வைக்குள் வைத்தேன். பேராசிரியர் எதிரில் வந்தால் வேறு படிக்கட்டில் ஏறினேன். ஒருமுறை தப்ப முடியவில்லை. "நூல் பயன்படுதாம்மா?" என்றார். "படிச்சிட்டிருக்கேன் சார்," என்றேன். 2025 மே மாதம் அவர் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில் வரவேற்புப் பாடல் பாடியவர்களில் நானும் ஒருத்தி. அப்போதும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை, கரும்பலகை வினாவுக்கு ஏழு நிமிடத்தில் விடை எழுதினேன். எங்கோ ஒரு கற்பனைப் பேராசிரியரிடம், நேற்று மழையில் நூல் நனைந்ததாகவும், புதுப்பிரதி வாங்கித் தந்துவிடுவதாகவும் சொன்னேன். 'குட்', 'உட்' எல்லாம் தத்தம் இடத்தில் இருந்தன. விரிவுரையாளர் முழு மதிப்பெண் கொடுத்தார். "உண்மையில் நடந்தது மாதிரியே இருக்கும்மா," என்றும் சொன்னார். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

உண்மையான மின்னஞ்சலுக்கு மூன்று நாள் பிடித்தது. முதலில் ஆங்கிலத்தில் எழுதினேன். மிக நேர்த்தியாக வந்தது, எனக்கே பிடிக்கவில்லை. வேறு யாரோ வேறு யாருக்கோ எழுதியதுபோல் இருந்தது. பிறகு தமிழில் தொடங்கினேன். தானாகவே மனு நடை வந்து, தங்கள் பொன்னான மனம், தங்கள் தாயுள்ளம் என்று ஓடிற்று. நான்கு வரி கடந்தும் நூல் நனையவில்லை! அழித்தேன். கடைசியில் அனுப்பியது இதுதான்:

'பொருள்: தங்களிடம் இரவல் பெற்ற நூல் நனைந்து கெட்டது.

ஐயா, வணக்கம். 2024 நவம்பரில் தாங்கள் தந்த தாவர நூல், நான் ஊருக்குப் போகும் வழியில் மழையில் நனைந்துவிட்டது. அட்டை கழன்று, பக்கங்கள் ஒட்டிப் பூசணம் பிடித்துள்ளன. தங்கள் குறிப்புகளில் பல அழிந்துவிட்டன. தாங்கள் கேட்டபோது படித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். அது பொய். பயந்து மறைத்தேன். புதுப்பிரதி தேடினேன், கிடைக்கவில்லை. நூலை எடுத்துக்கொண்டு தங்களை நேரில் வந்து பார்க்க விரும்புகிறேன். எப்போது வரலாம் என்று தெரிவிக்க இயலுமா?'

நான்கு நாள் பதில் இல்லை. ஹார்டிக்கு முந்திய இரு பேராசிரியர்களை நினைத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் இரவு வந்தது. அழைப்பும் இல்லை, முடிப்பும் இல்லை. தேர்வில் இதற்கு மதிப்பெண் குறைத்துவிடுவார்கள்.

'ஒட்டிய பக்கங்களைப் பிடித்து இழுக்காதே. செடியை அழுத்தக் கற்றுக் கொடுத்தேன் அல்லவா, அதேபோல இடையிடையே செய்தித்தாள் வைத்து, மேலே கனம் ஏற்று. தாளைத் தினமும் மாற்று. அன்றே சொல்லியிருந்தால் பூசணம் பிடித்திருக்காது. 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை வரலாம். உன் தோட்டத்துச் செடிப் பட்டியலையும் கொண்டு வா. எத்தனை ஆயிற்று?'

அன்றே சொல்லியிருந்தால் என்ற அந்த ஒரு வாக்கியத்தைப் பலமுறை படித்தேன். மன்னித்தேன் என்றும் எழுதவில்லை, மன்னிக்கவில்லை என்றும் எழுதவில்லை.

பட்டியல்! நூலை ஒளித்த நாளிலேயே அந்த நோட்டையும் மூடிவிட்டேன். அதைத் திறந்தால் இதன் நினைவு வரும். போன வாரம் ஊருக்குப் போய்த் திறந்து பார்த்தேன். பத்தொன்பதில் நின்றிருந்தது. அப்பா கவாத்துக்கத்தியுடன் முன்னே நடக்க, இரண்டு நாள் தோட்டம் முழுவதும் குனிந்து குனிந்து பார்த்தேன். அப்பத்தா தம் பங்குக்குச் சில பெயர்களைச் சொன்னார். அவற்றுக்கு இலத்தீன் பெயர் நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். இப்போது முப்பத்தேழு. இன்னும் ஓடைக்கரைப் பக்கம் கால் வைக்கவில்லை. செய்தித்தாள்களுக்கு நடுவே நூல் கட்டிலின் கீழே கனத்துக்கு அடியில் இருக்கிறது; அதுவும் முழுதாக உலரவில்லை.

இருபத்திரண்டாம் தேதிக்குள் முடியாது. இரண்டு வாரம் தவணை கேட்டு இன்றிரவு அவருக்கு எழுத வேண்டும்.